நான்காம் வகுப்பில் ஏற மறுத்தவர்கள்

மேடையினின்றும் எழும் இன்னிசையைக் கேட்டுத் தலையசைப்போர் பலர். அவ்விசையை எழுப்பும் கைகள் எவருக்கு அடங்கியவை, என்ன கூலி பெற்றவை என்று வினவுவோர் மிகச் சிலர். இசைக்கும் ஒரு தொழிலாளர் சரித்திரம் உண்டு. அதனை விளக்க ஜெர்மனியிலுள்ள பெர்லின் நகரத்துப் பல்லியக் குழுவின் வரலாற்றினும் ஏற்றதொன்றை நாம் அறியோம்.

பல்லியம் என்பது நம் பழந்தமிழ்ச் சொல். வயலினும் குழலும் கொம்பும் முழவும் ஏறக்குறைய நூறு பேர் கையில் ஒருங்கு முழங்க, ஒருவர் எதிர்நின்று சிறு கோலசைத்து நடத்தும் மேனாட்டுச் சிம்பனி முறைக்கு அச்சொல் நன்கு பொருந்தும்.

சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் பெர்லினில் பெஞ்சமின் பில்ஸே என்பார் ஒரு பல்லியக் குழுவை நடத்தி வந்தார். குழு அவருடைய உடைமை. வாசிப்போர் அவருடைய கூலியாட்கள். 1882-ஆம் ஆண்டில் வார்ஸா நகரத்துக் கச்சேரிக்கு அவர்களை ரயிலில் நான்காம் வகுப்பில் கொண்டுசெல்ல அவர் முற்பட்டார். ஏழையரிலும் ஏழையர் ஏறும் வகுப்பு அது. ஒப்பந்த நிபந்தனைகளால் முன்னரே மனம் வெதும்பியிருந்த வாத்தியக்காரருள் 54 பேர் ஒருங்கே விலகினர். ஒருவர் விலகியிருப்பின் அவர் வேலையிழந்தவர். ஐம்பத்து நால்வர் விலகவே அவர்கள் ஒரு ஸ்தாபனம் ஆயினர். தோட்ட ஆபீசில் பேரேட்டின் முன் அமர்ந்து பிழைக்கும் நமக்கு இக்கணக்கின் பொருள் எளிதில் விளங்கும்.

புதிய குழுவுக்கு முதலாளி இல்லை. உறுப்பினரே பங்காளிகள், உடனிருந்து வாசிக்கத் தக்கவர் யார் என்று தீர்மானிப்பதும் அவர்தம் வாக்கே. சக்கரக் காலணி பூட்டிச் சறுக்கி விளையாடுவதற்கென இருந்த கொட்டகையொன்று அவர்க்கு அரங்கமாயிற்று. ஹெர்மன் வோல்ப் என்னும் கச்சேரி ஏற்பாட்டாளர் துணை நின்றார். 1887 முதல் ஹான்ஸ் பான் பூலோ கடுமையான ஒத்திகைகளால் குழுவைச் செதுக்கினார். 1895 முதல் 1922 வரை ஆர்தர் நிகிஷ் நடத்த, அதன் புகழ் ஐரோப்பா எங்கும் பரவிற்று.

ஆயினும் புகழ் வயிற்றை நிரப்பாது. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மன் நாணயம் மதிப்பிழக்கவே, குழு பொதுப்பணத்தை நாடி நிற்கலாயிற்று. 1933-இல் ஹிட்லர் அதிகாரம் பெற்றான். 1934-இல் உறுப்பினர் கைப் பங்குகள் அரசின் உடைமையாயின. குழு கோயபெல்ஸின் பிரசார இலாகாவுக்கு அடங்கிற்று. ஊதியம் நிலைத்தது, பின்னர் போர் மூண்டபோது படைச் சேவையினின்றும் விலக்குக் கிடைத்தது. ஆனால் உடனிருந்து வாசித்த யூதத் தோழர்கள் வெளியேற நேர்ந்தது. நான்காம் வகுப்பைப் பொறாத குழு இதனைப் பொறுத்தது!

அங்ஙனம் வெளியேறியவருள் முதல் வயலின் தலைவரான சைமன் கோல்ட்பர்க்கும் ஒருவர். கச்சேரிகளுக்காகக் கிழக்குத் தீவுகளுக்கு வந்த அவர் ஜாவாவில் ஜப்பானியரிடம் சிக்கி, 1942 முதல் 1945 வரை முகாமில் அடைபட்டிருந்தார். மலாயாத் தோட்டங்களினின்றும் நம்மவர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட காலமும் அதுவே.

1944 ஜனவரி 30-ஆம் நாள் குண்டு வீச்சில் குழுவின் அரங்கம் அழிந்தது. ஜெர்மனி சரணடைந்து மூன்று வாரமும் நிறையுமுன், 1945 மே 26-இல், ஒரு படக்காட்சி மண்டபத்தில் குழு மீண்டும் வாசித்தது. நடத்தியவர் லியோ போர்க்கார்ட். முதலில் ஒலித்தது மெண்டல்சோன் இயற்றிய இசை. அவர் யூத குலத்திற் பிறந்தவராதலின் நாஜிகள் அவ்விசையை விலக்கி வைத்திருந்தனர். இடிபாடுகளின் நடுவே எழுந்த அம்முதல் ஒலி, பன்னிரண்டாண்டு மௌனத்துக்கு ஒரு மறுமொழி ஆயிற்று.

கதை இத்துடன் முடிந்திருப்பின் நன்று. முடியவில்லை. வாக்கினால் தம்மைத் தாமே ஆண்ட அக்குழுவில் பெண்ணொருத்தி உறுப்பினராய் அமர்ந்தது எப்பொழுது? 1982-இல்! வயலின் வாசிக்கும் மாடலின் கரூசோ அவ்வாண்டில் சேர்ந்தார். விடுதலை பெற்ற குழு தன் கதவைத் திறக்கச் சரியாக நூறு ஆண்டு பிடித்தது. முதல் வயலின் தலைமை நாற்காலி ஒரு பெண்மணிக்குக் கிட்டியதோ 2023-இல்.

இதனால் நாம் அறிவது யாது? முதலாளியை உதறுவது விடுதலையின் முதற்படி மட்டுமே. பசி வந்த காலத்து அதனைப் பிறர்க்கு விற்காமை இரண்டாம் படி. வாக்குப் பெற்றோர் வாசலில் நிற்போரையும் உள்ளழைப்பது மூன்றாம் படி. முதற்படியை அந்த ஐம்பத்து நால்வர் ஒரே ஆண்டில் ஏறினர். மூன்றாம் படியேற அவர் வழிவந்தோர்க்கு நூறு ஆண்டு வேண்டியிருந்தது.

நண்பர்களே! பெர்லினைப் பழிப்பது எளிது. நம் ஊர்ச் சங்கங்களிலும் கூட்டுறவு நாணயச் சங்கங்களிலும் நிர்வாக நாற்காலிகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். தாய்மாரும் தங்கைமாரும் அவற்றுள் எத்தனையில் அமர்ந்துள்ளனர்? நாமும் நூறாண்டு காத்திருக்க வேண்டுமா?