கலைத்த தலையும் எண்ணெய் வைத்த தலையும்

போன வருசம் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு போட்டோ ஷூட் செய்யத் திட்டமிட்டோம். கோப்பிக் காலத்து மலையகப் பெண் ஒருத்திதான் கதாபாத்திரம். மேக்கப் செய்ய வந்தவர் குறிப்பெல்லாம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். முகத்துக்கு இரண்டு ஷேட் கறுப்பாக ஃபவுண்டேஷன். உதடு வெடித்திருக்க வேணும். தலைமுடி எண்ணெய் காணாமல் பறட்டையாக. பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத்தில் வளர்ந்த தோழி ஒருத்தி அதை வாசித்துப்போட்டுக் கேட்டாள்: "எங்க அம்மாயி தலைக்கு எண்ணெ வச்சு, வகிடெடுத்து, கொண்ட போடாம ஒரு நாளும் மலைக்குப் போனதில்ல. இந்தப் பறட்டத் தல யாரோடது?"

அவளுக்குப் பதில் சொல்ல ஒருத்தருக்கும் தெரியவில்லை. சரி, அந்தக் காலத்துப் படங்களையே பார்ப்போம் என்று தேடத் தொடங்கினேன். தேடின இடத்தில் வந்து நின்றவர், அதே பொகவந்தலாவையில் புதைக்கப்பட்டிருக்கிற ஒரு வெள்ளைக்கார அம்மா. பெயர் ஜூலியா மார்கரெட் கமரன். கதாபாத்திரத்துக்காகத் தலைமுடியைத் திட்டமிட்டுக் கலைத்துப் படம் எடுத்தவர்களில் அவவை விடப் பெரிய ஆள் 19ஆம் நூற்றாண்டில் இல்லை என்றே நினைக்கிறேன்.

கமரன் என்ற பெயர் எங்களுக்குப் புதிசு இல்லை. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த கோல்புறூக் - கமரன் சீர்திருத்தம் ஞாபகம் இருக்கும் தானே? ராஜகாரியத்தை ஒழித்தது, 1833 என்று எழுதி மார்க்ஸ் வாங்கினோமே, அந்தக் கமரனின் மனைவிதான் இவ. 1815இல் கல்கத்தாவில் பிறந்தவ. கணவர் இலங்கையில் காணி வாங்கிக் கோப்பித் தோட்டம் போட்டார். இங்கிலாந்தின் வைட் தீவில் இருந்த அவர்களுடைய வீட்டுக்கும் இலங்கைத் தோட்டத்தின் பெயரைத்தான் வைத்தார்கள்: டிம்போலா. 1863 கடைசியில், 48 வயதில், மகளும் மருமகனும் ஒரு கமரா வாங்கிக் கொடுத்தார்கள். அம்மா கோழிக்கூட்டைக் காலியாக்கி ஸ்டூடியோ ஆக்கிவிட்டா.

அந்த ஸ்டூடியோவில் மேக்கப் பெட்டிக்குப் பெரிய வேலை இருக்கவில்லை. அதற்கு ஒரு இரசாயனக் காரணம் இருக்கு, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கோ. அப்போது இருந்தது ஈரக் கொலோடியன் முறை. கண்ணாடித் தட்டில் கொலோடியனைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காய முதல் படம் எடுத்துக் கழுவி முடிக்க வேணும். அந்தத் தட்டுக்கு நீல ஒளி தெரியும். சிவப்பும் மஞ்சளும் தெரியாது என்றே சொல்லலாம். கன்னத்துக்கு ரூஜ் போட்டால் படத்தில் கரி அப்பினது போல வரும். உதட்டுச் சிவப்பு கறுப்பாகும், முகத்துப் புள்ளிகள் மை தெளித்தது போல எழும்பும், நீலக் கண் வெளிறிப் போகும். பொன்னிற முடி கூட உள்ளதை விட இருண்டுதான் விழும். முகத்தில் நிறம் பூசி ஒரு பாத்திரத்தை உருவாக்க முடியாதென்றால் மிஞ்சுவது மூன்று: துணி, வெளிச்சம், தலைமுடி. கமரன் அம்மா இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டா.

அதிலும் தலைமுடிதான் முக்கியம். அந்தக் காலத்து இங்கிலாந்தில் வளர்ந்த பெண் ஒருத்தி முடியை விரித்துவிட்டு வெளியில் வரமாட்டாள். ஊசி குத்தி உயர்த்திக் கட்டினால்தான் மரியாதை. வேலைக்காரப் பெண் என்றால் மேலே வெள்ளைத் தொப்பி. ஆக, ஒரு தலையைப் பார்த்தால் வயது, வருசம், வர்க்கம் எல்லாம் தெரிந்துவிடும். கமரன் ஊசிகளைக் கழற்றினா, தொப்பியைக் கழற்றினா. முடி தோளில் விழுந்த உடனே 1865ஆம் ஆண்டும் போய்விடும், அவள் வேலைக்காரி என்பதும் போய்விடும். மிச்சம் இருக்கிறது ஒரு முகம். அதற்கு மேல் ஒரு முக்காடு போட்டால் மேரி மாதா, கொஞ்சம் பூ வைத்தால் ஒரு கிரேக்க தேவதை. இன்னொரு விசயமும் இருக்கு. ஒரு படத்துக்குச் சில நேரம் பல நிமிசம் அசையாமல் இருக்க வேணும். கட்டின முடி அசையாது. விரித்த முடி கொஞ்சம் கொஞ்சமாக அசைந்து, ஓரங்கள் புகை மாதிரிக் கரையும். போட்டோ விமர்சகர்கள் இதைப் பார்த்து "ஃபோகஸ் தெரியாத பொம்பிள" என்ற தோரணையில் எழுதினார்கள். அவ அசரவில்லை.

ஆம்பிளைகளுக்கும் இதே கவனிப்புத்தான். 1867இல் வானியலாளர் ஜோன் ஹெர்ஷல். எழுபதைத் தாண்டிய பெரிய விஞ்ஞானி. அவரைத் தலை கழுவச் சொல்லி, வெள்ளை முடியைக் கலைத்துவிட்டு, கறுப்புப் பின்னணியில் இருத்தினா. ஒளி முடியில் பிடித்து எரிகிறது. டெனிசனின் ஆர்தர் அரசன் கவிதைகளுக்கு 1874இல் படம் எடுத்தபோது, மந்திரவாதி மெர்லின் வேடம் எங்கட சீர்திருத்தக் கமரனுக்குத்தான். அந்தத் தாடிக்கும் முடிக்கும் விக் தேவைப்படவில்லை, எல்லாம் சொந்தம். ஆனால் மனுசன் சிரிப்பை அடக்க முடியாமல் தட்டுத் தட்டாகக் கெடுத்தாராம். ஆர்தர் அரசனாக நின்றவர் யாமத் துறையில் சுமை தூக்கிய வில்லியம் வார்டர்.

பாருங்கோ, சுமை தூக்கியின் பெயர் எங்களுக்குத் தெரியுது. மாதாவாகத் திரும்பத் திரும்ப இருந்த வீட்டுப் பணிப்பெண்ணின் பெயரும் தெரியும், மேரி ஹிலியர். ஊர்ச்சனம் அவளை மேரி மடோனா என்றே கூப்பிட்டதாம். தாயோடு பிச்சை கேட்டு வந்த ஐரிஷ் சிறுமி மேரி ரயன், கமரன் வீட்டில் வளர்ந்து, வேலை செய்து, யூலியத்தாக நின்றவள். கண்காட்சி ஒன்றில் அவளைக் கண்டு மயங்கிய ஹென்றி கொட்டன் 1867இல் அவளைக் கலியாணம் கட்டினார். அதே கொட்டன் 1904இல் இந்திய தேசிய காங்கிரஸுக்குத் தலைமை தாங்கியவர். தொப்பியைக் கழற்றி முடியை விரித்தது வெறும் அலங்காரம் இல்லை என்று சொல்ல இதை விட வேறென்ன வேணும்? அவ நல்லவவா கெட்டவவா என்பது எனக்குத் தெரியாது. பணிப்பெண்களைச் சமையலில் இருந்து இழுத்து வந்து மணிக்கணக்கில் இருத்தின எசமானிதான். ஆனால் அவர்களை இன்னொரு ஆளாகக் கற்பனை செய்து பார்த்தா.

1875இல் கமரன் குடும்பம் இலங்கைக்கு வந்தது. சாமான்களோடு இரண்டு சவப்பெட்டியும் ஒரு பசுவும் வந்ததாக எல்லாருமே எழுதுகிறார்கள். கோப்பிக்கு அப்போது கெட்ட காலம். 1869இல் தெரிய வந்த இலைத்துரு நோய் தோட்டங்களைத் தின்றுகொண்டிருந்தது. அம்மா களுத்துறையிலும் மலைநாட்டிலும் இருந்தா, படம் எடுத்தா, ஆனால் எங்களுக்கு மிஞ்சியிருப்பது முப்பதுக்கும் குறைவு. இந்த வெக்கையில் கொலோடியன் காய்கிற வேகத்துக்கு அதுவே பெரிய காரியம்.

1877இல் ஓவியர் மரியான் நோர்த் களுத்துறை வீட்டில் வந்து தங்கினா. நடந்ததைத் தன் நினைவுக் குறிப்பில் சிரிப்போடு எழுதியிருக்கிறா. கமரன் அவவுக்குக் காஷ்மீர்க் கம்பளித் துணியைச் சுற்றி, முடியை அவிழ்த்துவிட்டு, தென்னோலை தலையில் குத்தக் குத்த நிற்கவைத்து, இயல்பாக இருக்கச் சொன்னாவாம். வெயில் 96 பாகை ஃபரனைட். பழைய கோழிக்கூட்டு வித்தை அப்படியே கடல் தாண்டி வந்திருக்கு.

அதே காலத்தில், நோர்த் வெராண்டாவில் ஓவியம் வரைய, முன்னால் குடத்தோடு ஒரு பையன் நிற்கிற படமும் இருக்கு. அவனுக்குத் தலைப்பில் கிடைத்தது "தமிழ்ப் பையன்" என்பது மட்டும். களுத்துறைக் குடியானவர்கள் என்று 1878இல் எடுத்த ஒரு குழுப் படத்தின் கீழே சிறுமிக்கு 12 வயது என்றும், தகப்பன் என்று சொல்லிக்கொண்ட கிழவர் தனக்கு நூறு வயது என்கிறார் என்றும் எழுதியிருக்கு. வயது கேட்டிருக்கிறார்கள், பெயரை எழுதவில்லை. இன்னொருவரின் முதுகு அழகாக இருக்கென்று, தோட்டமே இல்லாத வீட்டில் அவரைத் தோட்டக்காரனாக வைக்கச் சொல்லி மகனிடம் அடம்பிடித்தா என்பதும் நோர்த் எழுதினதுதான்.

நான் பார்த்த இலங்கைப் படங்களில் இங்கத்தைய ஆட்கள் யாரும் மாதா இல்லை, யூலியத் இல்லை, அரசன் இல்லை. அவர்களின் தலைமுடியைக் கமரன் அவிழ்க்கவில்லை. அவர்களை உள்ளபடி விட்ட மரியாதை அது என்று சிலர் வாதிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே வெராண்டாவில் வெள்ளைக்காரப் பெண்ணுக்குத் துணியும் தென்னோலையும் தேடின கை, குடம் வைத்திருந்த பையனுக்கு ஒன்றும் தேடவில்லை. அவனை இன்னொரு ஆளாக்கத் தேவை இருக்கவில்லை. அவ கண்ணுக்கு அவன் ஏற்கெனவே ஒரு வேடத்தில்தான் நின்றான்.

ஆனாலும் அந்தப் படங்கள் இல்லாவிட்டால் தோழியின் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்திருக்காது. எங்கட ஷூட் குறிப்பில் இருந்த பறட்டைத் தலை ஒன்றைக் கூட நான் அவற்றில் காணவில்லை. போட்டோக்களை மேக்கப் செய்தவரிடம் காட்டினோம். மனுசன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஃபவுண்டேஷன் போத்தலை மூடி வைத்தார். தோழி தேங்காயெண்ணெயை எடுத்து, நடிக்க வந்த பிள்ளைக்குத் தானே தலை வாரி, நடு வகிடெடுத்துக் கொண்டை முடிந்துவிட்டாள். பழைய கறுப்பு வெள்ளைச் சாயல் வரவேணும் என்பதற்காக, சிவப்பைக் கறுப்பாக்கும் ஃபில்டரை மட்டும் பிறகு கணினியில் போட்டோம். அதில் வெற்றிலை போட்ட உதடு நல்லாவே கறுத்து வந்தது.

படங்கள் வந்து மூன்று மாதம் ஆகுது. அந்தப் பெண்ணுக்கு என்ன பெயர் போடுவது என்பதில்தான் இன்னும் சண்டை.