கயாக்: கால் உதைப்பும் இடுப்புத் திருப்பமும்

கயாக் என்பது முன்னோக்கி உட்கார்ந்து, இரு முனையிலும் தட்டுள்ள துடுப்பால் இடமும் வலமுமாக மாறி மாறி வலிக்கும் ஒடுங்கிய படகு. பார்ப்பவர் கண்ணுக்குக் கைவேலையாகத் தெரிந்தாலும், அதன் வேகம் பிறப்பது காலிலும் இடுப்பிலும் முதுகிலும்தான். கையால் மட்டும் இழுப்பவர் சீக்கிரமே களைத்துவிடுவார்.

வலப்பக்க வலிப்பு தொடங்கும்போது உடல் இடப்பக்கம் திரும்பி, வலது தோள் முன்னே வந்திருக்கும். வலது முழங்கால் மடங்கியிருக்கும். தட்டு பாதத்துக்கு அருகே முழுதாக நீரில் இறங்கியதும் வலது கால் மிதிபலகையை உதைத்து நீள்கிறது. இடுப்பின் வலப்பக்கம் பின்னே போக, உடலின் முறுக்கு அவிழ்கிறது. அப்போது கை ஏறக்குறைய நீட்டியபடியே இருக்க வேண்டும். ஊன்றிய தட்டைக் கடந்து படகுதான் முன்னேறுகிறது. அந்த விசை படகுக்குள் இறங்கும் முக்கிய இடம் மிதிபலகை. தட்டு இடுப்பருகே வந்ததும் எடுத்துவிட வேண்டும். மேலும் இழுத்தால் பின்பக்கம் அமிழும், படகின் முனை திசை மாறும். பந்தயக் கயாக்கில் பாதத்தின் மேல் ஒரு பட்டையும் உண்டு. ஒரு கால் உதைக்க, மறுகால் அதை இழுத்து இடுப்பைத் திருப்புகிறது. 1980களில் சுவீடனில் உருவான இறக்கை வடிவத் துடுப்பு நீரில் வெளிப்புறமாக விலகிச் செல்வதால், உடலைத் திருப்பாதவருக்கு அதனால் பெரிய பலனில்லை.

காட்டாற்றில் கதை வேறு. கோழிக்கோட்டின் சாலிப்புழையையும் இருவஞ்ஞிப்புழையையும் மழைக்காலத்தில் சீறவைப்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்குத்துச் சரிவு. மலபார் ஆற்றுத் திருவிழாவின் கயாக் போட்டிகள் அங்கேதான் நடக்கின்றன. அங்கே தொடைகள் படகின் மேல்தளத்துக்கு அடியில் இறுகப் பொருந்தியிருக்கும். கால் நீள இடமில்லை; படகைச் சாய்த்து நிமிர்த்துவதே அதன் முதல் வேலை. உடல் திருப்பம் மட்டும் மாறுவதில்லை.

காலின் பங்கைத் தெளிவாகக் காட்டுவது மாற்றுத்திறனாளர் கயாக்கின் வகைப்பாடு. உடல், கால் இரண்டின் இயக்கத்தையும் சோதித்தே வீரர்களைக் கேஎல்1, கேஎல்2, கேஎல்3 எனப் பிரிக்கிறார்கள். கால் இயக்கமே இல்லாத கேஎல்1 வீரருக்கு உயர்ந்த முதுகுசாய்வு தேவைப்படும். கேஎல்3 வீரரால் முன்சாய்ந்து அமர்ந்து ஒரு காலையாவது உதைக்க முடியும். மத்தியப் பிரதேசத்தின் பிராச்சி யாதவ், 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய மாற்றுத்திறனாளர் போட்டியில், கால் இயக்கம் குறைந்த கேஎல்2 பிரிவின் 200 மீட்டரில் தங்கம் வென்றார்.