பவானிபூரில் வீடும் வணிகமும்

வீடும் கடையும் ஒரே கூரையின்கீழ் அமைதல் தகுமா? நகர் அமைப்போர் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வினா இது. தாயகம் விட்டு வெளி மாநிலங்களில் வாழும் தமிழராகிய நமக்கு இது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. கடையின் மேல்மாடியில் ஓர் அறையை வாடகைக்குப் பெற்று வாழ்வைத் தொடங்கியவர் நம்முள் பலர். ஆதலின், கொல்கத்தாவின் தென்பகுதியிலுள்ள பவானிபூரின் வரலாற்றைத் துணையாகக்கொண்டு இவ்வினாவுக்கு விடை காண முயல்வோம்.

1717-ஆம் ஆண்டில் மொகலாயப் பேரரசர் பரூக்சியர், கல்கத்தாவைச் சூழ்ந்த 38 கிராமங்களின் குத்தகை உரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளித்தார். பிளாசிப் போருக்குப்பின், 1758-இல், கம்பெனியார் அப்பகுதியை மீர் ஜாபரிடமிருந்து விலைக்குப் பெற்று, 'பஞ்சான்னகிராமம்' என்று பெயரிட்டனர். ஐம்பத்தைந்து ஊர்கள் என்பது அதன் பொருள். பவானிபூர் அவற்றுள் ஒன்று. நகரின் எல்லையாயிருந்த மராத்தா அகழிக்கு அப்பால் அமைந்த புறநகர் அது.

அங்கே முதலில் வேரூன்றியவர் கைவினைஞரே. வெண்கல வேலை செய்யும் கன்னார் வாழ்ந்த பகுதி கான்சாரிபாரா. சங்கு வளையல் அறுப்போர் வாழ்ந்த பகுதி சாங்காரிபாரா. 'பாரா' என்பது நம் ஊர்ச் 'சேரி', 'தெரு' போன்றதொரு சொல். வங்கப் பெண்டிர் மங்கலமாக அணியும் வளையல்களுக்கான சங்குகள் நம் மன்னார் வளைகுடாவில் குளிக்கப்பெற்று, கப்பலேறி வங்கம் சென்றவை என்பது நாம் நினைவிற்கொள்ளத் தக்கது. அத்தொழிலாளருக்குப் பட்டறை வேறு, இல்லம் வேறு அல்ல. வீட்டையும் தொழிலையும் பிரிக்க வேண்டுமென்ற எண்ணமே அன்று எழவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வழக்கறிஞரும் செல்வரும் பவானிபூரை நாடி வந்து மாளிகைகள் எழுப்பினர். நேதாஜியின் தந்தையார் ஜானகிநாத் போஸ் எல்கின் சாலையில் இல்லம் கட்டியது 1909-இல். கன்னார் தெருவும் கனவான் மாளிகையும் அடுத்தடுத்து நின்றன.

சட்டமும் மெல்ல வந்தது. 1888-ஆம் ஆண்டுச் சட்டம் புறநகரின் பெரும்பகுதியைக் கல்கத்தா நகராட்சியோடு இணைத்தது. பிளேக் நோயின் அச்சம் பரவிய காலத்தில், 1897-இல், கட்டடங்களை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது; 1899-இல் புதிய நகராட்சிச் சட்டம் பிறந்தது; 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நகர மேம்பாட்டு டிரஸ்டு தோன்றியது. இவை பெரிதும் கருதியவை காற்று, வெளிச்சம், தெருவின் அகலம் ஆகியவையே. இன்ன பகுதி குடியிருப்புக்கு, இன்ன பகுதி வணிகத்துக்கு என்று நகர் முழுவதையும் வரையறுக்கும் முறையை நியூயார்க் நகரம் 1916-இல் மேற்கொண்டது. பின்னர் அக்கருத்து உலகெங்கும் பரவியது.

கட்டடத்தின் பயன் மாறுவது எப்போதும் தீங்கன்று. 1924-இல் கல்கத்தாவின் மேயரான தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் தமது பவானிபூர் இல்லத்தைப் பொதுநலத்துக்கு ஈந்தார். அவர் மறைந்த மறு ஆண்டு, 1926-இல், அங்கே சித்தரஞ்சன் சேவாசதன் என்னும் மருத்துவமனை எழுந்தது.

1947-க்குப்பின் மக்கள் பெருக்கம் நகரை நெருக்கியது. 1956-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் குடியிருப்போரைக் காத்தது. ஆயினும் உயராத வாடகையைப் பெற்ற உரிமையாளர் பலர் பழுதுபார்க்கும் பொறுப்பைக் கைவிட்டனர். 1984-ஆம் ஆண்டு ஒரு திருப்பம். அவ்வாண்டு ஜனவரியில் 1980-ஆம் ஆண்டு மாநகராட்சிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அக்டோபர் 24-ஆம் நாள் இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரை ஓடியது. இன்று நேதாஜி பவன் என வழங்குவது அந்நிலையமே. ரயிலோடு கடையும் அலுவலகமும் பெருகின. முற்றம் வைத்த பழைய வீடுகள் பல இடிந்து, தரைத்தளத்தில் கடையும் மேலே குடியிருப்பும் கொண்ட அடுக்குமாடிகள் எழுந்தன.

கட்டட விதிகள் இக்கலப்பைத் தடைசெய்யவில்லை. குடியிருப்பு, வணிகம், கிடங்கு எனக் கட்டடங்களை வகைப்படுத்தி, ஒரு பயனுக்கென ஒப்புதல் பெற்ற இடத்தை மாநகராட்சியின் இசைவின்றி வேறு பயனுக்கு மாற்றலாகாது என்றே கூறுகின்றன. இது வெறும் காகிதச் சடங்கு என்று கருதுவோர் உளர். பவானிபூருக்குச் சற்று வடக்கே, பார்க் வீதியிலுள்ள ஸ்டீபன் கோர்ட் அவர்களுக்கு விடை கூறும். வீடுகளும் அலுவலகங்களும் உணவகங்களும் கலந்திருந்த அப்பழைய கட்டடத்தில், 2010-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் தீப்பற்றியது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மேல் இரு தளங்கள் முறையின்றிக் கட்டப்பெற்றுப் பின்னர் முறைப்படுத்தப்பட்டவை. மாடிக்கு ஏறித் தப்ப முயன்றோர் பூட்டிய கதவைக் கண்டனர்.

நம் சென்னையும் இப்பாடத்தை அறியும். 1920-களில் குடியிருப்புக்கென வகுத்த தியாகராய நகர், இன்று தமிழகத்தின் பெருங்கடைவீதிகளுள் ஒன்று. அங்கும் வரம்பு மீறிய கட்டடங்கள் நீதிமன்றத்தின் வாயிலை எட்டின.

இவற்றால் நாம் அறிவது யாது? வீட்டையும் கடையையும் முற்றிலும் பிரித்துவிட்டால், கைப்பொருள் குறைந்து புதிதாக வருவோருக்கு நகரில் இடமிராது. கடைக்கு மேலுள்ள அறையே அவர்களுடைய முதற் புகலிடம். ஆனால் விதி உறங்கினால் அப்புகலிடமே பொறியாகிவிடும். கலப்பு குற்றமன்று, வெளியேறும் வழியைச் சரக்கு மூட்டைகளால் அடைப்பதே குற்றம். வாடகைக்கு இடம் தேடும் நம்மவர் வாடகைத் தொகையை மட்டும் வினவுதல் போதாது. அக்கட்டடம் எப்பயனுக்கு ஒப்புதல் பெற்றது, இரண்டாவது படிக்கட்டு உண்டா, மாடிக் கதவின் திறவுகோல் யாரிடம் உள்ளது என்பவற்றையும் வினவுதல் வேண்டும். இவ்வினாக்களைக் கேட்பதற்குச் சட்ட அறிவு தேவையில்லை. ஒருமுறை படியேறி இறங்கிப் பார்த்தாலே போதும்.