தேய்மானம் யாருக்கு? ஊசிக்கா, இசைத்தட்டுக்கா?

வணிகவியல் படிப்பவர்களுக்குத் தேய்மானம் என்ற சொல் நன்றாகவே தெரியும். இயந்திரம் உழைக்க உழைக்க அதன் மதிப்பு குறையும், அதை ஆண்டுதோறும் கணக்கில் எழுத வேண்டும். இசைத்தட்டின் வரலாறும் ஒரு தேய்மானக் கதைதான். ஊசியும் தட்டும் உரசினால்தான் பாட்டு வரும். உரசினால் இரண்டில் ஒன்று தேய்ந்தே ஆக வேண்டும். எது தேய வேண்டும்? இந்தக் கேள்விக்குக் காலந்தோறும் கிடைத்த பதில்களைப் பார்ப்போம்.

அரக்குத் தட்டுகளின் காலம்

எடிசன் 1877-ல் கண்டுபிடித்த போனோகிராஃப் உருளையில் ஒலியைப் பதித்தது. எமிலி பெர்லினர் 1887-ல் காப்புரிமை பெற்ற கிராமபோனில் இருந்துதான் வட்டத் தட்டுகள் வளர்ந்தன. அந்தத் தட்டுகள் வெகு காலம் அரக்கால் செய்யப்பட்டன. மரக்கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசின்தான் அரக்கு. உலகத்துக்குத் தேவையான அரக்கில் பெரும்பகுதி இந்தியாவில் இருந்துதான் போனது.

அரக்கோடு கல்தூளும் கலப்பார்கள். தட்டு உறுதியாக இருக்கும் என்பது ஒரு காரணம். இன்னொரு விளைவும் உண்டு. ஊசி பள்ளத்தில் இறங்கியதும் அந்தக் கல்தூள் அதன் முனையைச் சாணை பிடித்து, பள்ளத்துக்குப் பொருந்தும் வடிவத்துக்குக் கொண்டு வந்துவிடும். அதாவது ஊசியைத் தேய்ப்பதுதான் தட்டின் வேலை! அன்றைய கிராமபோன் தலை நூறு கிராமுக்கும் மேல் அழுத்தும். ஆகவே ஒரு பக்கம் பாடி முடித்ததும் எஃகு ஊசியை எறிந்துவிட்டுப் புதியதை மாட்ட வேண்டும். அதனால்தான் ஊசிகளைச் சிறு தகர டப்பாக்களில் நூற்றுக்கணக்கில் விற்றார்கள்.

கணக்கு எளிமையானது. ஊசி மலிவு, தட்டு விலை அதிகம். மலிவானது தேயட்டும், விலை உயர்ந்தது பிழைக்கட்டும். ஆனால் சிக்கனம் பார்த்து ஒரே ஊசியைப் பத்துப் பக்கம் ஓட்டியவர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். தேய்ந்த ஊசியின் ஓரம் உளி போலக் கூர்மையாகிவிடும். பிறகு அது பள்ளத்தின் சுவரைச் செதுக்கத் தொடங்கும்.

இதன் விலை என்ன என்பதற்கு ஓர் உதாரணம். அமெரிக்காவின் மிசிசிப்பியைச் சேர்ந்த ப்ளூஸ் பாடகர் சார்லி பேட்டன் 1929, 1930 ஆண்டுகளில் பாரமவுண்ட் என்ற கம்பெனிக்குப் பாடினார். அந்தக் கம்பெனி மூடப்பட்ட பிறகு அதன் உலோக மூல அச்சுகள் பாதுகாக்கப்படவில்லை. இன்று அந்தப் பாடல்களை மறுபதிப்பு செய்ய, யாரோ வீட்டில் ஓட்டித் தேய்த்த பழைய தட்டுகளையே நம்ப வேண்டியிருக்கிறது. அவர் குரலை மூடியிருக்கும் இரைச்சலில் ஒரு பங்கு, மாற்றப்படாமல் ஓடிய ஊசிகள் விட்டுச் சென்றது.

1924-ல் கோணப் பிரச்சினை

ஊசியை மாற்றினால் மட்டும் போதாது என்பதும் சீக்கிரமே தெரிந்தது. பதிவு செய்யும் கருவி தட்டின் விளிம்பில் இருந்து மையத்தை நோக்கி நேர்கோட்டில் நகர்கிறது. வீட்டில் ஓட்டும் கருவியின் கையோ ஒரு முனையில் சுழன்று வில் போல நகர்கிறது. அதனால் ஊசி பள்ளத்தில் கோணலாக உட்காரும். இங்கிலாந்தின் 'கிராமபோன்' இதழில் பெர்சி வில்சன் 1924-ல் இதற்கு வழி சொன்னார். தலையைச் சற்றுத் திருப்பி வைத்து, கையைக் கொஞ்சம் நீளமாக்கினால் கோணல் பெரிதும் குறையும். 1938-ல் லோஃப்கிரென், 1941-ல் பேர்வால்ட் ஆகியோர் இந்தக் கணக்கை இன்னும் நுணுக்கமாக்கினார்கள். இன்றும் கார்ட்ரிட்ஜைப் பொருத்தப் பயன்படும் அட்டைகளில் இருப்பது பெரும்பாலும் இவர்கள் போட்ட கணக்குதான்.

வினைல் வந்தது, கணக்கு தலைகீழானது

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவுக்கு அரக்கு கிடைப்பது கடினமானது. படைவீரர்களுக்காக 1943-ல் தொடங்கிய 'வி-டிஸ்க்' தட்டுகள் வினைலில் அச்சானது இப்படித்தான். போர் முடிந்து, 1948 ஜூன் மாதம் கொலம்பியா நிறுவனம் நியூயார்க்கில் எல்.பி. தட்டை அறிமுகம் செய்தது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் இசை.

வினைலில் கல்தூள் இல்லை. அதனால் இரைச்சல் குறைவு. ஆனால் வினைல் மிருதுவானது. பள்ளமும் மெலிந்துவிட்டது. பழைய தட்டுக்கான ஊசி முனையின் ஆரம் சுமார் 75 மைக்ரான், எல்.பி.க்கு 25 மைக்ரான். இதில் எஃகு ஊசி நிற்காது. சபையரும் வைரமும் வந்தன. இப்போது கடினமானது ஊசி, மிருதுவானது தட்டு. தேய்மானம் தட்டின் கணக்கில் ஏறிவிட்டது!

அழுத்தும் எடை ஆறு, ஏழு கிராம் என்று இறங்கியது. கேட்கக் குறைவுதான். ஆனால் ஊசி தட்டைத் தொடும் இடம் கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது. ஒன்றிரண்டு கிராம் வைத்தாலே அந்தப் புள்ளியில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு டன் கணக்கில் வரும். வைரமும் காலப்போக்கில் தட்டையாகும், ஓரம் கூர்மையாகும். அந்த ஓரம் வினைலை வெட்டும்.

ஸ்டீரியோ சொன்ன பாடம்

ஒரே பள்ளத்தில் இரண்டு சேனல்களைப் பதிக்கலாம் என்று ஆலன் பிளம்லைன் 1931-லேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஸ்டீரியோ எல்.பி. கடைக்கு வந்தது 1958-ல்தான். மோனோ பள்ளம் பக்கவாட்டில் மட்டும் வளையும். ஸ்டீரியோ பள்ளம் மேலும் கீழுமாகவும் போகும். பழைய மோனோ கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றில் ஊசி பக்கவாட்டில்தான் அசையும், மேலும் கீழும் அசையாது. அதைக் கொண்டு ஸ்டீரியோ தட்டை ஓட்டினால், பள்ளம் தூக்கும் இடத்தில் ஊசி நகராது. வினைல்தான் விட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு முறை ஓட்டினாலே சேதம் தொடங்கிவிடும். 1960-களில் பல தட்டுகளின் உறையில், தகுந்த கார்ட்ரிட்ஜ் இருக்கிறதா என்று கடைக்காரரைக் கேட்டுக்கொள்ளும்படி அச்சிட்டே எச்சரித்தார்கள்.

கேடு எடையால் மட்டும் வருவதில்லை, பொருத்தம் இல்லாததாலும் வருகிறது. இது அன்று தெளிவாகத் தெரிந்தது.

எடைக் குறைப்புப் போட்டி

அதன் பிறகும் 'எடை குறைந்தால் தட்டு பிழைக்கும்' என்ற நம்பிக்கை பரவியது. மூன்று கிராம், இரண்டு, ஒன்று என்று போட்டி நடந்தது. 1964-ல் ஷூர் நிறுவனத்தின் வி15 வந்தது. 1966-ல் அதன் இரண்டாம் வடிவத்தோடு ஷூர் ஒரு புதிய அளவுகோலை முன்வைத்தது. எத்தனை கிராம் என்பதைவிட, உரத்த இசையிலும் ஊசி பள்ளச் சுவரை விடாமல் பிடித்துக்கொள்கிறதா என்பதே முக்கியம் என்றது. எடை மிகக் குறைந்தால் ஊசி சுவரை விட்டுத் துள்ளும், திரும்ப வந்து மோதும். அந்த அடி நிரந்தரத் தழும்பு. சற்று அதிக எடையை விட, போதாத எடையே பெரிய எதிரி.

கார்ட்ரிட்ஜும் கையும் ஜாதகம் பார்த்துச் சேர வேண்டியவை. ஊசியைத் தாங்கும் தண்டு எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்பதைக் கம்ப்ளையன்ஸ் என்பார்கள். இது ஒரு ஸ்ப்ரிங். கையும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்த எடை, அந்த ஸ்ப்ரிங்கில் தொங்கும் பாரம். இரண்டையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159-ஐ அதனால் வகுத்தால் அவை இயல்பாக அதிரும் எண் கிடைக்கும். மொத்தம் 17 கிராம், கம்ப்ளையன்ஸ் 15 என்றால் விடை சுமார் 10 ஹெர்ட்ஸ். 8-க்கும் 12-க்கும் நடுவே இருப்பது நல்லது. மொத்தம் 25 கிராம், கம்ப்ளையன்ஸ் 40 என்றால் விடை 5-க்கு வந்துவிடும். தட்டின் சிறு கோணல்கள் அசைவதும் அந்த வேகத்தில்தான். கை ஊஞ்சலாடும், ஊசி தடுமாறும். இரண்டும் தனித்தனியே உயர்ந்த பொருள்கள்தான், சேர்ந்தால் பகை! ஜப்பான் வானொலிக்காக 1960-களில் உருவான டெனான் டி.எல்-103 கனமான கையில் நன்றாக ஓடுவதும், இலேசான கையில் தடுமாறுவதும் இதனால்தான்.

தோல்வி தந்த பரிசு

1970-களின் தொடக்கத்தில் ஜே.வி.சி. நான்கு சேனல் தட்டைக் கொண்டு வந்தது. அதன் மிக உயர்ந்த அதிர்வெண்களைப் படிக்க நோரியோ ஷிபாடா புதிய முனையை வடிவமைத்தார். பள்ளச் சுவரை அது புள்ளியாக அல்லாமல் நீண்ட கோடாகத் தொட்டது. அழுத்தம் பரவியது, தேய்மானம் குறைந்தது. நான்கு சேனல் சந்தையில் தோற்றது. ஷிபாடா முனை இன்றும் விற்பனையில் இருக்கிறது.

இன்று

1982-ல் சி.டி. வந்தபோது இந்தக் கணக்கெல்லாம் முடிந்தது என்றார்கள். ஆனால் 2020-ல் அமெரிக்காவில் வினைல் விற்பனை வருமானம் சி.டி.யை முந்தியது. இதற்கிடையே 2018-ல் ஷூர் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பையே நிறுத்தியிருந்தது. பழைய கைகளில் புதிய கார்ட்ரிட்ஜ் மாட்டும் நிலை வந்திருப்பதால், பொருத்தம் பார்ப்பது மீண்டும் அவசியமாகிறது. தயாரிப்பாளர் சொன்ன எடையைச் சிறு தராசில் அளந்து வைப்பது, அட்டையை வைத்துக் கோணம் சரிபார்ப்பது, கையின் எடைக்கு ஏற்ற கம்ப்ளையன்ஸைத் தேர்வது, ஓடிய மணி நேரத்தைக் குறித்து வைத்து ஊசியை மாற்றுவது. வேலை இவ்வளவுதான்.

கணக்குப் புத்தகத்தில் தேய்ந்த இயந்திரத்தைத் தள்ளுபடி செய்துவிட்டுப் புதியது வாங்கலாம். சார்லி பேட்டன் 1934-லேயே இறந்துவிட்டார். அவர் திரும்ப வந்து பாடப் போவதில்லை. ஊசி என்பது செலவு, தட்டு என்பது சொத்து. செலவை மிச்சம் பிடிப்பதற்காகச் சொத்தை அழிக்கக் கூடாது என்பதே இந்த நூற்றாண்டுக் கதை சொல்லும் பாடம்.