எழும்பூர் மணலில் ஒரு கல்விச் சோதனை

ஆண்ட்ரூ பெல் 1787இல் சென்னைக்கு வந்து இறங்கியபோது பள்ளிக்கூடம் நடத்தும் எண்ணம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. ஸ்காட்லாந்தில் பிறந்த அந்தப் பாதிரியார் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைப்பிரிவுகள் பலவற்றுக்கு ஒரே நேரத்தில் மதகுருவாக இருந்து நல்ல வருமானம் பார்த்தார். 1789இல் எழும்பூரில் ராணுவத்தாரின் ஆண்பிள்ளைகளுக்காக அநாதை விடுதி தொடங்கியதும் அதன் கண்காணிப்பாளர் பொறுப்பு அவரைத் தேடி வந்தது. அதற்கு மட்டும் சம்பளம் வேண்டாம் என்றுவிட்டார். விடுதியில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கும் இந்தியத் தாய்மார்களுக்கும் பிறந்த பிள்ளைகள்.

பாடம் நகரவில்லை. பிள்ளைகள் அகரவரிசையைத் தாண்டவே மாதக்கணக்கானது. அந்த நாட்களில் ஒருநாள் காலை குதிரைச் சவாரி போன பெல், வழியில் உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றைக் கண்டார். சிறுவர்கள் தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுத்துகளை எழுதிப் பழகிக்கொண்டிருந்தார்கள். காகிதமும் மையும் தேவைப்படவில்லை. தப்பாக எழுதினால் கையால் தடவி அழித்துவிட்டு மறுபடி எழுதலாம்.

விடுதிக்குத் திரும்பியவர் மிகக் கீழ் வகுப்புக்கும் அப்படியே மணலில் கற்பிக்கச் சொன்னார். ஆசிரியர்கள் மசியவில்லை. இது நடக்காத காரியம் என்று கைவிரித்தார்கள். பெல் அவர்களோடு மல்லுக்கு நிற்கவில்லை. ஒரு சிப்பாயின் மகனான ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு அந்த வகுப்பை ஒப்படைத்தார். பெரியவர்களால் ஆகாது என்றதைப் பையன் செய்து காட்டினான். அதன்பின் மற்ற வகுப்புகளிலும் பிள்ளைகளே பிள்ளைகளுக்கு ஆசான்கள் ஆனார்கள்.

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளுக்கு இதெல்லாம் பழைய சங்கதி. வாத்தியார் ஒருவர், பிள்ளைகளோ வெவ்வேறு வயது, வெவ்வேறு பாடம். ஒருவன் மணலில் அரிச்சுவடி எழுத, இன்னொருவன் எண்சுவடி ஒப்பிக்க, வேறொருவன் ஓலையில் எழுத்தாணி பிடிப்பான். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை சின்னவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பான், கேட்டு வாங்குவான். ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் மேலே போகலாம்.

பெல் 1796இல் ஊர் திரும்பி, மறு ஆண்டே லண்டனில் தன் சோதனையைப் புத்தகமாக வெளியிட்டார். 1798இல் ஜோசப் லங்காஸ்டர் லண்டனின் சதர்க் பகுதியில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கி ஏறக்குறைய இதே வழியில் நடத்தினார். முறை யாருடையது என்று இருவரின் ஆதரவாளர்களும் அடித்துக்கொண்டார்கள். ஆங்கிலத் திருச்சபை பெல்லின் பக்கம் நின்றது. 1811இல் உருவான தேசியச் சங்கம் அவர் முறையில் ஊர் ஊராகப் பள்ளி திறந்தது. அதற்கு நிலைத்த பெயர் ‘மெட்ராஸ் முறை’. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பெல் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றே பெயர்.

இங்கிலாந்தில் இந்த முறை பரவியதற்கு முக்கியக் காரணம் செலவுக் குறைவு. தொழிற்சாலை நகரங்களில் பெருகிய ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கானவர்களைச் சமாளிக்கலாம் என்ற கணக்கு எல்லோருக்கும் பிடித்துப்போனது. லங்காஸ்டர் ஆயிரம் பேர் வரை முடியும் என்றார். திண்ணையில் வாத்தியாரின் கண்பார்வையில் நடந்தது, அங்கே மணியடித்து வரிசை நகர்த்தும் இயந்திரமானது. பிரம்படி வேண்டாம் என்ற லங்காஸ்டரே, தப்பு செய்த பையனைக் கூடையில் உட்காரவைத்துக் கூரையில் தொங்கவிடும் தண்டனையைக் கொண்டுவந்தார். அரைகுறையாகக் கற்ற பையன் அரைகுறையாகவே கற்றுக்கொடுப்பான் என்பது போகப் போகத் தெரிந்தது. 1846இல் இங்கிலாந்து அரசு பயிற்சி மாணவ ஆசிரியர்களுக்கு உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியதும் மெட்ராஸ் முறை மெல்ல ஒதுங்கியது.

திண்ணைப் பள்ளியையும் பொற்காலமாக்க முடியாது. கோதண்டம் என்ற கயிற்றில் தொங்கவிடுவது போன்ற தண்டனைகள் அங்கே இருந்தன. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பில் சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருப்பதாகத் தெரிந்தது. அதில் பெண்கள் வெறும் 4,540 பேர். பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் மணலில் எழுதும் சிக்கனத்தையும் மூத்தவர் இளையவருக்குக் கற்பிப்பதையும் பாராட்டினார். ஆனால் பிள்ளைகள் பொருள் புரியாமலே செய்யுள்களை உருப்போடுகிறார்கள் என்று குறையும் எழுதினார்.

ஏறக்குறைய இரு நூற்றாண்டு கழித்து, 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திரத்தின் ரிஷிவேலியில் சிற்றூர்ப் பிள்ளைகளுக்காக உருவான அட்டைகளும் கற்றல் ஏணியும் அதற்கு முன்மாதிரி. வகுப்புக்கு ஒரு பாடம் என்பது போய், பிள்ளைக்கு ஒரு படி என்றானது. குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. ஆசிரியர் தரையில் வந்து உட்கார்ந்தார். 2007இல் மாநிலம் முழுவதற்கும் முறை விரிந்தபோது பழைய சிக்கல் புது உருவில் தலைகாட்டியது. ஈடுபாடுள்ள ஆசிரியரிடம் அட்டை உயிர்பெற்றது. மற்ற இடங்களில் அடுக்கி எடுத்து அடையாளமிடும் வேலையாகச் சுருங்கியது. பெருந்தொற்றுக்குப் பிறகு 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் ஒரே வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படிதான் பிரித்தது. திட்டத்தின் பெயர் மாறினாலும், ஒரே அறையில் மூன்று நிலைகளில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர் எப்படி நேரம் பங்கிடுவது என்ற கேள்வி ஒவ்வொரு பயிற்சி முகாமிலும் இருக்கத்தான் செய்கிறது.