ஒரு மொழியைப் படித்து முடிப்பது என்றால் என்ன?



நம் பள்ளியில் படித்த ஒருவரின் மகள் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழி இறுதியாண்டு படிக்கிறாள். "கடைசி வருஷம் முடியும்போது எனக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் தாத்தா?" என்று கேட்டிருந்தாள். நான் வரலாற்று வாத்தியார், எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. ஆனால் இந்தக் கேள்விக்கு நம் காவிரிக் கரையிலேயே ஒரு பதில் இருக்கிறது. எல்லோருக்கும் பயன்படும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1984-இல் தொடங்கிய ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் முதலில் நான்கு நிலைகள் இருந்தன. இரண்டாம் நிலைக்குச் சுமார் 1,000 காஞ்சி எழுத்துகளும் 6,000 சொற்களும், முதல் நிலைக்குச் சுமார் 2,000 எழுத்துகளும் 10,000 சொற்களும் தெரிய வேண்டும் என்று வரையறுத்திருந்தார்கள். 2010 முதல் என்5-இல் தொடங்கி என்1 வரை ஐந்து நிலைகள். அங்கே பொதுப் பயன்பாட்டுக்கு என்று அரசு வகுத்துள்ள காஞ்சி எழுத்துகள் 2,136. மலைப்பான எண்தான். ஆனால் அந்தத் தேர்வில் பேசிக் காட்டவும் வேண்டாம், எழுதிக் காட்டவும் வேண்டாம். படித்து, கேட்டு, சரியான விடையைக் குறித்தால் போதும். ஆகவே அந்தச் சான்றிதழ் ஒரு மைல்கல். பயணம் அதற்கு மேலும் இருக்கிறது.

அந்த மேற்கொண்ட பயணத்தை எதிர்த்திசையில் நடந்து காட்டியவர் நொபொரு கராஷிமா. 1933-இல் பிறந்த ஜப்பானியர். 1960-களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து படித்தார். அவர் படிக்க விரும்பியது சோழர் காலக் கல்வெட்டுகள்.

பேச்சுத் தமிழும் செய்தித்தாள் தமிழும் கற்ற ஒருவருக்குக் கல்வெட்டு உடனே கைவராது. சொற்களுக்கு இடையே இடைவெளி இருக்காது. புள்ளி பெரும்பாலும் இருக்காது. எகரமா ஏகாரமா என்பதை இடம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நடுநடுவே கிரந்த எழுத்து வரும். நில அளவு வந்துவிட்டால் வேலி, மா, காணி, முந்திரி என்று இறங்கிக்கொண்டே போகும். ஒரு வேலி இருபது மா என்பது நம் தாத்தாக்களுக்கு வாய்ப்பாடு. டோக்கியோவில் பிறந்தவர் அதையும் உட்கார்ந்து கற்க வேண்டியிருந்தது.

கற்றதை வைத்து என்ன செய்தார்? திருச்சிக்கு அருகே அல்லூர், ஈசானமங்கலம் என்று இரண்டு ஊர்கள். அவற்றின் சோழர் காலக் கல்வெட்டுகளை ஒப்பிட்டு 1966-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நிலத்தை விற்பது யார் என்பதுதான் அவருடைய கேள்வி. 'ஊரோம்' என்று கல்லில் இருந்தால் 'ஊராராகிய நாங்கள்' என்று பொருள். அந்த 'ஓம்' விகுதியைப் பள்ளியில் தன்மைப் பன்மை என்று மனப்பாடம் செய்து விட்டுவிடுகிறோம். அவர் அதில் ஒரு சமூகத்தைப் பார்த்தார். அல்லூரில் நிலம் ஊராரின் பொது உடைமையாக இருந்தது. பிரமதேயமான ஈசானமங்கலத்தில் பிராமணர்கள் தனித்தனியாக நிலம் வைத்திருந்தார்கள். பின்னர் 12, 13-ஆம் நூற்றாண்டுகளில், பிரமதேயம் அல்லாத ஊர்களிலும் தனியார் நில உடைமை பரவியதை மற்ற கல்வெட்டுகளைக் கொண்டு காட்டினார். இந்தியக் கிராமம் காலங்காலமாக மாறாமல் கிடந்தது என்று மேல்நாட்டார் பலர் எழுதிவந்த கருத்துக்கு இது வலுவான மறுப்பு.

ஒன்றிரண்டு கல்வெட்டுகளை எடுத்துக்கொண்டு பெரிய முடிவு சொல்வது அவருக்குப் பிடிக்காது. கிடைக்கும் எல்லாவற்றையும் திரட்டி எண்ணிப் பார்க்க வேண்டும் என்பார். எ. சுப்பராயலு, தொரு மட்சுயி இருவரோடும் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களுக்கு அடைவு தயாரித்து 1978-இல் வெளியிட்டார். சுப்பராயலு பின்னாளில் நம் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர்.

1995-இல் தஞ்சாவூரில் எட்டாவது உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது, உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தின் தலைவர் இதே கராஷிமாதான். 2010-இல் கோவையில் அரசு மாநாடு நடத்த முனைந்தபோது, தரமான ஆய்வு மாநாட்டுக்கு அந்தக் கால அவகாசம் போதாது என்று மன்றத்தின் சார்பில் ஒதுங்கிக்கொண்டார். தமிழை நேசிப்பவர் தமிழுக்காக அவசரப்பட மறுத்தார் என்றே நான் இதைப் பார்க்கிறேன். 2013-இல் பத்மஸ்ரீ பெற்றார், 2015-இல் காலமானார்.

ஆகவே, பேத்தி, என் பதில் இது. என்2 எழுது, முடிந்தால் என்1-உம் எழுது. வேலைக்கு அது வேண்டும். ஆனால் பட்டம் வாங்கும் நாளில், மாணவர்களுக்காக எளிமைப்படுத்தாத ஒரு ஜப்பானியப் பக்கத்தை அகராதியோடு உட்கார்ந்து படிக்கத் தெரிய வேண்டும். அதில் என்ன சொல்லியிருக்கிறது, என்ன சொல்லவில்லை, எந்த இடம் உனக்கு ஐயமாக இருக்கிறது என்று மூன்றையும் பிரித்துச் சொல்ல வேண்டும். அந்த மூன்றாவதைச் சொல்லத் தெரிந்தவர்தான் மொழி படித்தவர்.

இங்கே டெல்டாவில் இருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் ஊர்க் கோயில் அதிட்டானத்தில் இருக்கும் எழுத்தை, தமிழில் பட்டம் வாங்கிய எத்தனை பேர் வாசிப்போம்? வாசிக்க ஆளில்லாத சுவரில்தான் திருப்பணி என்ற பெயரில் சுண்ணாம்பும் சிமெண்டும் ஏறுகின்றன. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய 'ஊரோம்' அதற்கடியில் போய்விட்டால் திரும்ப வராது. விடுமுறையில் பிள்ளைகளைக் கோயிலுக்கு அழைத்துப் போகும்போது பிரகாரம் சுற்றியதும் கிளம்பிவிடாதீர்கள். ஒரு வரியையாவது எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள்.