ஒலி பிரியும் இடம்: வேப்பனப்பள்ளி வீடுகளுக்கு ஏற்ற ஆக்டிவ், பாசிவ் ஸ்பீக்கர்கள் குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் எல்லை

கர்நாடகமும் ஆந்திரமும் தொட்டுக்கொண்டிருக்கும் மூலையில் இருக்கிறது வேப்பனப்பள்ளி. இங்கே வீட்டில் பாட்டு கேட்க நல்ல செட் வேண்டுமென்றால் இரண்டு வழிகள். ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே அடங்கிய பெட்டியை ஆன்லைனில் வரவழைக்கலாம். அல்லது பெட்டி, ஊஃபர், ட்வீட்டர், ஐசி போர்டு என்று தனித்தனியே வாங்கி மெக்கானிக்கிடம் அசெம்பிள் செய்துகொள்ளலாம். பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்கு ஆகும் தூரம் சென்னை ரிச்சி தெருவுக்கு ஆவதில் பாதிகூட இல்லை. உதிரிபாகம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பதால் இந்த இரண்டாவது வழி இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது.

முதல் வகை ஆக்டிவ், இரண்டாம் வகை பாசிவ் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். ஆம்ப்ளிஃபையர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை வைத்துச் செய்த பிரிவு இது. ஒலியின் தரத்தைத் தீர்மானிப்பதோ வேறொன்று: தாழ்ந்த ஒலியும் உயர்ந்த ஒலியும் எந்த இடத்தில் பிரிக்கப்படுகின்றன என்பது.

2. பிரிவின் அடிப்படை

ஊஃபருக்குத் தாழ்ந்த ஒலியும் ட்வீட்டருக்கு உயர்ந்த ஒலியும் போகும்படி பிரித்துவிடுவது கிராஸ் ஓவர். ஆம்ப்ளிஃபையர் பெருக்கி முடித்த மின்சாரத்தைக் காயிலும் கண்டன்சரும் கொண்டு பிரித்தால் அது பாசிவ். பெருக்குவதற்கு முன்பே, சிறிய சிக்னலாக இருக்கும்போதே பிரித்து, ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் தனித்தனி ஆம்ப்ளிஃபையர் கொடுத்தால் அது ஆக்டிவ். பெட்டிக்குள் ஒரே ஆம்ப்ளிஃபையரை வைத்து, அதன் பின்னால் பழைய கண்டன்சரையே போட்டிருந்தால், மின்சார பிளக் இருந்தாலும் அது பாசிவ் வேலைதான். சந்தையில் ஆக்டிவ் என்று விற்கப்படும் மலிவுப் பெட்டிகளில் பல இந்த ரகம்.

ஆம்ப்ளிஃபையரைப் பெட்டிக்குள் வைப்பது புதுமையும் அல்ல. இன்று நாம் பயன்படுத்தும் மூவிங் காயில் ஸ்பீக்கரை ரைஸும் கெல்லாக்கும் அமெரிக்காவில் 1925-ல் அறிவித்தார்கள். அதை வைத்து 1926-ல் விற்பனைக்கு வந்த ரேடியோலா 104 என்ற பெட்டியிலேயே ஆம்ப்ளிஃபையர் இருந்தது. பிரிக்கும் கணக்கு திருந்தியது அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின்: ஹியூலெட் பேக்கார்டில் பணியாற்றிய லிங்க்விட்ஸ், ரைலி இருவரின் பெயர் தாங்கிய ஃபில்டர் முறை 1976-ல் வெளியானது. இன்றைய ஆக்டிவ் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அதுவே அடித்தளம். நம் நாட்டில் 1970-ல் தொடங்கிய கொல்கத்தாவின் சோனோடைன், ஸ்டுடியோக்களுக்கான ஆக்டிவ் மானிட்டர்களைச் செய்கிறது.

3. ஒரு 5.1 செட்டின் உட்புறம்

மெக்கானிக் மேசையில் திறந்து வைத்த ஒரு 5.1 ஆம்ப்ளிஃபையரைப் பார்த்தால் இந்த வேறுபாடு கண்ணெதிரே விளங்கும். சப் ஊஃபருக்கென்று ஒரு சிறிய ஃபில்டர் போர்டு. அதன் பின்னால் அதற்கு மட்டுமான ஐசி. தாழ்ந்த ஒலி பெருக்கப்படும் முன்பே பிரிந்துவிடுகிறது. பெயர் எதுவாக இருந்தாலும் இது முழுமையான ஆக்டிவ் முறை. நம் ஊர் மெக்கானிக்குகள் ஆண்டுக்கணக்கில் இதைச் செய்துவருகிறார்கள் என்பதை நான் மரியாதையோடு குறிப்பிடுகிறேன்.

அதே செட்டின் பக்கவாட்டுப் பெட்டிகளில் கதை வேறு. ட்வீட்டரின் காலில் ஒரு 4.7 மைக்ரோஃபாரட் கண்டன்சர் சால்டர் செய்யப்பட்டிருக்கும், அவ்வளவுதான். 8 ஓம் ட்வீட்டருக்கு அது சுமார் 4,200 ஹெர்ட்ஸில் பிரிக்கும். ட்வீட்டர் போய், கடையில் கிடைத்த 4 ஓம் ட்வீட்டரை மாட்டினால் அதே கண்டன்சர் சுமார் 8,500 ஹெர்ட்ஸில் பிரிக்கத் தொடங்கும். இடைப்பட்ட ஒரு முழு ஆக்டேவ், அதாவது பாடகியின் குரலுக்குத் தெளிவு தரும் பகுதி, ஊஃபரின் பொறுப்பில் விழும். ‘புது ட்வீட்டர் போட்டும் பாட்டு மந்தமா இருக்கு’ என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் இந்தக் கண்டன்சர்தான். ஆக்டிவ் முறையில் பிரியும் புள்ளி ட்வீட்டரின் ஓம் அளவைச் சார்ந்ததில்லை.

4. வாட்டுக் கணக்கு

ஒரு பாட்டில் தாழ்ந்த ஒலிக்கு 10 வோல்ட் உச்சமும், உயர்ந்த ஒலிக்கு 10 வோல்ட் உச்சமும் தேவை என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே கணத்தில் சேர்ந்தால் பாசிவ் முறையில் ஒரே ஆம்ப்ளிஃபையர் 20 வோல்ட் தர வேண்டும். 8 ஓமில் அது 25 வாட் ஆம்ப்ளிஃபையர். ஆக்டிவ் முறையில் 6.25 வாட் ஆம்ப்ளிஃபையர்கள் இரண்டு போதும். மொத்தம் 12.5 வாட். மேலும், பாசிவில் ஊஃபருக்கு முன்னிருக்கும் காயிலின் 0.4 ஓம் தடை சுமார் 0.4 டெசிபலைத் தின்பதோடு, கோனின் மேல் ஆம்ப்ளிஃபையருக்கு இருக்கும் பிடியையும் தளர்த்துகிறது. ஒலி இழப்பு காதுக்குத் தெரியாத அளவு. பிடி தளர்வதுதான் பேஸில் கேட்கும்.

5. மின்சாரம்

கணக்கில் ஆக்டிவ் வென்றாலும் இந்த ஊர் மின்சாரம் அதற்கு அவ்வளவு இணக்கமானது அல்ல. போர்வெல் மோட்டார் ஓடத் தொடங்கினால் விளக்கு மங்குகிறது. மோட்டார்கள் நின்ற இரவில் வோல்டேஜ் ஏறுகிறது. எளிய செட்களில் வரும் டிடிஏ 2030 ஐசியின் உச்ச வரம்பு கூட்டல் கழித்தல் 18 வோல்ட். 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 16, 17 வோல்ட் கொடுக்கும். மின்சாரம் 250 ஆகி, பாட்டும் மெதுவாக ஓடினால் அது வரம்பைத் தாண்டிவிடும். இரவில் ஐசி வெடிப்பதன் ரகசியம் இதில் இருக்கிறது.

வெளியே இருக்கும் ஆம்ப்ளிஃபையரில் ஐசியை மாற்றுவது சில நிமிட வேலை. மூடிய ஆக்டிவ் பெட்டியில் போர்டு முழுவதையும் மாற்ற வேண்டிவரும். பல மாடல்களுக்கு அந்த போர்டு தனியாக விற்பனைக்கே வராது. தவிர, இடது பெட்டியும் வலது பெட்டியும் வெவ்வேறு பிளக் பாயிண்டில் இருந்து, எர்த்தும் சரியில்லாவிட்டால், ஆர்சிஏ வயர் வழியே ‘ம்ம்’ என்ற ஹம் நுழையும். இரண்டையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் சொருகினால் பெரும்பாலும் அடங்கும்.

6. அறை

10க்கு 12 அடி அறை, மேலே கான்கிரீட், கீழே கிரானைட் அல்லது டைல்ஸ்: இந்த வட்டாரத்தில் பரவலான அமைப்பு. 12 அடி நீளம் 47 ஹெர்ட்ஸ் அருகிலும் 10 அடி அகலம் 56 ஹெர்ட்ஸ் அருகிலும் அதிர்வைத் தேக்கும். பேஸ் கிதாரின் தாழ்ந்த சுரங்கள் சில இங்கேதான் வருகின்றன. ஆகவே இளையராஜாவின் பேஸ் வரிசையில் சில சுரங்கள் மட்டும் உறுமும், மற்றவை ஒளிந்துகொள்ளும். டிஎஸ்பி, அதாவது ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் சிப், உள்ள ஆக்டிவ் பெட்டியில் அந்த இரண்டு இடங்களை மட்டும் குறைத்துவிடலாம். காயில், கண்டன்சரால் இதைச் செய்வது நடைமுறையில் ஆகாது. எந்த முறையானாலும் சப் ஊஃபரை மூலையிலிருந்து வெளியே இழுத்து வைப்பதும், சன்னலுக்குத் தடித்த துணி போடுவதும் முதல் வேலை.

7. பொருத்தமான அமைப்பு

வாடகை வீட்டில் இருப்பவர், மெக்கானிக்கிடம் அலைய நேரமில்லாதவர், மேசையருகே உட்கார்ந்து கேட்பவர்: இவர்களுக்கு உண்மையான ஆக்டிவ் ஜோடிதான் சரி. ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் தனித்தனி வாட் குறிப்பிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

சொந்த வீட்டுக்காரருக்கு நான் பரிந்துரைப்பது வேறு. பெட்டியை எம்டிஎஃப்பில் செய்து, ஊஃபருக்கு ஒரு ஜோடி டெர்மினல், ட்வீட்டருக்கு ஒரு ஜோடி என்று பின்னால் நான்கு கொண்டுவர வேண்டும். ஃபில்டர் போர்டும் ஐசிகளும் வெளியே, காற்றோட்டமான பெட்டியில் இருக்கட்டும். சப் ஊஃபருக்கு ஏற்கெனவே செய்யும் வேலையை ட்வீட்டர் வரை நீட்டுவதுதான் இது. ஆக்டிவின் ஒலியும் கிடைக்கும், எந்த உதிரிபாகம் போனாலும் எஸ்.பி. ரோட்டில் மாற்றும் கிடைக்கும். ஓசூர் சிப்காட்டில் மைக்ரோமீட்டர் பிடித்துப் பழகிய கைகள் இந்த வட்டாரத்தில் நிறைய. பிரியும் புள்ளியைக் காதால் மட்டும் முடிவுசெய்யாமல் அளக்கும் மைக் வைத்துச் சரிபார்ப்பது அவர்களுக்குப் பாரமாகத் தெரியாது.

ஒன்றில் மட்டும் சிக்கனம் கூடாது. ஐசி பழுதானால் டிசி மின்சாரம் நேராக ட்வீட்டருக்குப் போய் நொடியில் காயிலை எரித்துவிடும். ஆகவே ஆக்டிவ் அமைப்பிலும் ட்வீட்டருக்கு முன் ஒரு 33 மைக்ரோஃபாரட் துருவமில்லாத கண்டன்சர் இருக்க வேண்டும். 8 ஓமில் அதன் எல்லை சுமார் 600 ஹெர்ட்ஸ். 2,500 ஹெர்ட்ஸில் பிரியும் ட்வீட்டரின் வேலையில் அது அநேகமாகத் தலையிடாது.